நான்காவதாக நிற்பவர்

ராசா, உன் அப்பா காணாமல் போய்விட்டார் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்த் துருவலோடு தின்றுகொண்டிருந்தார். நீ எழுதி, நீ வெட்டி ஒட்டி, கடைசியில் உன் பெயர் ஓடுகிற அந்த நிகழ்ச்சியில், நம் வீட்டு ஹாலில் கல்யாணமான நாளிலிருந்து தொங்குகிற படம் வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஐந்து பேர். படம் மெதுவாகக் கிட்டே வந்து, இடமிருந்து நான்காவதாக நிற்கும் ஆளின் முகத்தில் நின்றது. கையில் சாக்ஸபோனோடு உன் அப்பா, மீசை அப்போதுதான் கறுத்த வயதில். கனத்த குரலில் ஒருவர் ஹிந்தியில் சொன்னார்: இந்த மனிதர் ஒருநாள் கல்கத்தாவில் கப்பலேறி ஒரு தீவுக்குப் போனார், அதற்குப் பிறகு அவர் வாத்தியத்தைத் தொடவே இல்லை, கடல் அவரை விழுங்கிக்கொண்டது. பின்னால் மழைச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். கடல் விழுங்கிய மனிதர் வாயில் கிழங்கோடு, "நம்ம படமுல்ல அது" என்றார்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் எதையும் சொல்லி முடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பாதியில் ஆபீசிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்பாய், மீதிப் பாதி அப்படியே கிடக்கும். மேலும் இது உன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்கிற விஷயமும் இல்லை. உன் நிகழ்ச்சி ஊரறிய ஓடியது. அதனால் இதுவும் ஊரறியப் போகட்டும் என்று, இங்கே நம் ஆட்கள் போடுகிற பொங்கல் மலருக்கு ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். உனக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபப்படு, பரவாயில்லை. ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

உன் தொடரை முதல் வாரத்திலிருந்தே பார்த்தோம். ஜாஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. உன் அப்பா இளவயதில் வாசித்த சங்கீதம் என்று மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டு மொண்டல் பாபுவும் அவர் மனைவியும் வந்து உட்கார்வார்கள். எங்கள் பையன் எழுதியது என்று சொல்லிக் காட்டுவதற்காகவே டீயும் பஜ்ஜியும் போட்டு வைப்பேன். முதல் வாரம் முடிந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனிதர்களைக் கப்பலின் அடித்தட்டில் மூட்டையாக அடுக்கிக் கொண்டுபோனதும், ஓட்டலில் வாசிக்க வருகிறவன் பின்வாசல் வழியாக வந்து, வாசித்து முடித்ததும் அதே ஓட்டலில் ஒரு வாய் சாப்பிட முடியாமல் வெளியே போனதும் எனக்குப் புதிது. கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஊருக்கும் சங்கிலி போட்டு ஆட்களைக் கொண்டுவந்த கப்பல்கள் வந்திருக்கின்றன. அப்படியும் திகைத்துத்தான் போனேன். அதே வாரத்தில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு சாவு ஊர்வலம் காட்டினாய். பிணத்துக்கு முன்னால் பித்தளை வாத்தியங்களோடு போகிறார்கள். போகும்போது அழுதுகொண்டு மெதுவாக, புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஒரே ஆட்டம். என் அப்பாவை இங்கே நம் அபர்டீன் பஜார் வழியாகத் தப்பும் ட்ரம்பெட்டுமாகத் தூக்கிக்கொண்டு போனதும், ட்ரம்பெட் வாசித்த தெலுங்குப் பையன் அழுதுகொண்டே வாசித்ததும் எனக்கு நினைவு வந்தது. இன்னும் கொஞ்சம் காட்டுவாய் என்று காத்திருந்தேன். இரண்டு நிமிஷத்தில் அந்தத் தெருவை விட்டு வெளியே வந்து ஒரு பெரிய ஆளின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாய். அப்புறம் அந்தத் தெருப் பக்கம் நீ திரும்பவே இல்லை.

போகப் போக எனக்கு ஒன்று பிடிபட்டது. எல்லா வாரமும் ஒரே வாரம்தான். ஒரு மேதை பிறப்பார். வறுமை. ஒரு பழைய வாத்தியம் கையில் கிடைக்கும். உலகம் எழுந்து நின்று கைதட்டும். பிறகு குடி, ஊசி, ஆஸ்பத்திரி, மழை, சாவு. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் புத்தக அலமாரிக்கு முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, சரித்திரத்தையே இவருக்கு முன், இவருக்குப் பின் என்று பிரிக்கலாம் என்பார். போன வாரம் வேறொருவருக்கும் அதையேதான் சொல்லியிருப்பார். பெண்கள் என்றால் பாட வேண்டும், இல்லாவிட்டால் அழ வேண்டும். ஐந்து பேர் நிற்கிற படத்தில் ஒருவர்மேல் மட்டும் வெளிச்சம், மற்றவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. வாசித்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போய், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, பேரன் பேத்தி எடுத்த ஜாஸ்காரன் ஒருத்தன்கூட உலகத்தில் இல்லையா என்று உன்னைக் கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? நீ சிரித்தாய். "அந்த மாதிரி ஆள வச்சு எபிசோடு எடுத்தா யாரும்மா பாப்பாங்க?" என்றாய். நானும் அப்போது சிரித்துவிட்டேன்.

இது எனக்குப் புதிதும் இல்லை. சுதந்திரத்துக்குப் போராடியவர்களை அடைத்துவைத்த நம் ஜெயிலில் சாயந்திரம் நடக்கிற ஒலி ஒளிக் காட்சிக்கு, மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவோம். ஒவ்வொரு தடவையும் நான் அழுவேன். என்னோடு கவுண்டரில் வேலை பார்த்த சுனிதாவை உனக்குத் தெரியும், லோக்கல் ஆள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவும் சங்கிலியோடுதான் வந்திறங்கினார். தேசத்துக்காக இல்லை, வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு வந்தவர். இங்கேயே விடுதலையாகி, இங்கேயே பெண் கட்டி, தென்னை வைத்து, காட்டை ஊராக்கியவர்களில் ஒருவர். ஒருமுறை காட்சி முடிந்து வெளியே வரும்போது அவள் என்னிடம், "தீதி, ஹமாரே புட்டே கா நம்பர் கப் ஆயேகா?" என்றாள். எங்கள் கிழவனின் முறை எப்போது வரும் என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். நீயும் அன்றைக்குக் கூட இருந்தாய், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாய். இதை வைத்து ஒரு படம் எடுக்கப் போகிறேன் என்று வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாய்.

அப்படிப்பட்ட நீ நம் வீட்டுப் படத்தை அப்படிச் செய்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போன தடவை வந்தபோது சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி ஸ்கேன் பண்ணிக்கொண்டு போனாய். சர்ப்ரைஸ் என்றாய். "என் தகப்பனாரும் இந்தச் சங்கீதம் வாசித்தவர்" என்று நீ சொல்கிற ஒரு வரி வரப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். உன் நிகழ்ச்சியில் அவர் யாருக்கும் தகப்பனார் இல்லை. கல்கத்தா ஓட்டல்களில் ஜாஸ் வாசித்த காலத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, அவரைப் பெயர் தெரியாத மேதையாக்கிவிட்டாய். கண்ணாடிப் பெரியவர் படத்தை உற்றுப் பார்த்து, அந்தக் கைகளைக் கவனியுங்கள் என்றார். எல்லோரும் இடது கையை மேலே வைத்து வாசிக்கிற வாத்தியத்தை இவர் வலது கையை மேலே வைத்துப் பிடித்திருக்கிறார், யாரும் சொல்லித் தராத வழி, உலகத்தோடு ஒத்துப்போகாத கை, இந்த நாட்டு ஜாஸ் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதற்கு இந்தக் கைகளே சாட்சி என்றார். சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கியது. உன் அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து வீடு வீடாக இல்லை. மொண்டல் பாபு விடிந்ததும் வாசலில் வந்து நின்று, "பாபிஜி, பையா தோ சுப்பே ருஸ்தம் நிக்லே" என்றார். இத்தனை நாள் ஒளிந்திருந்த பயில்வானாம் உன் அப்பா. கேம்பல் பேயிலிருந்து உன் பெரியம்மா போன் பண்ணி அழுதாள். இவ்வளவு பெரிய ஆளை மழையிலும் காற்றிலும் கரண்டுக் கம்பத்தில் ஏறவிட்டுவிட்டோமே என்று மாய்ந்து போனாள். பஜாரில் மீன்காரர் பெரிய சூரையாகப் பார்த்து எடுத்து வைத்தார். நம் ஆட்கள் பொங்கல் விழா மேடையில் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் நீ போன் பண்ணினாய். நான் உன்னைத் திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள், "அம்மா, காணாமப் போனது ஃபர்ஸ்ட் பார்ட்டு. அவரக் கண்டுபிடிக்கிறதுதான் செகண்ட் பார்ட்டு" என்றாய். அந்தப் படத்தில் இருப்பவரே உன் அப்பாதான் என்று உன் சேனலில் சொல்லிவிட்டாயாம். அவர்கள் ஆடிப்போய்விட்டார்களாம். கேமராக்காரர்களோடு வருகிறாயாம். ஹேவ்லாக் கடற்கரையில், சூரியன் இறங்குகிற நேரத்தில், இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் முதல்முறையாக வாத்தியத்தை வாயில் வைக்கப் போகிறாராம். சாக்ஸபோன்கூட வாங்கியாகிவிட்டது என்றாய். அப்பாவிடம் கொடு என்றாய், கொடுத்தேன். நீ பேசப் பேச அவர் "சரிப்பா, சரிப்பா" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொள்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடல் விழுங்கிக்கொண்டது என்றாயே, எந்தக் கடல் ராசா அது? அவர் இந்தத் தீவுக்கு வந்தார், மின்சார இலாகாவில் வேலை கிடைத்தது, என்னைக் கட்டினார், நீ பிறந்தாய். அப்படியென்றால் அவரை விழுங்கியது நான்தானே? நான் வடித்த சோறும், வைத்த மீன்குழம்பும், ரேஷன் கடையில் நின்ற நேரமும், உன் பள்ளிக்கூடமும்தானே? உன் நிகழ்ச்சியில் நான் வரவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை. வந்திருக்கிறேன், அந்த மழைச் சத்தமாக. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. நான் வாழ்ந்தது ஒரு வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மேதையின் அழிவு என்று என் பிள்ளை எழுதி, யாரோ கனத்த குரலில் படித்துவிட்டார்கள். இரண்டு நாள் நான் அடுப்படியில் நின்று எதை எடுக்க வந்தேன் என்பதே மறந்து மறந்து நின்றேன்.

உன் அப்பாவின் நடையும் மாறிவிட்டது. ஹாலில் உட்கார்ந்தால் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். யாராவது பாராட்ட வந்தால் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு குளியலறையில் நின்றார். இழந்ததை நினைத்துக் கலங்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூட விழாவில் அவரை வாசிக்கச் சொல்லி அடம்பிடித்தாயே, ஞாபகம் வந்தது. "அதெல்லாம் முடிஞ்ச கதைப்பா" என்று சொல்லிவிட்டு, போய் மேடையில் கொய்யென்று கத்திக்கொண்டிருந்த மைக்கைச் சரிபண்ணிக் கொடுத்தார். நீ வீடு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். அப்பாவிடம் இனிமேல் அதைக் கேட்காதே, அவருக்கு அது புண் என்று உன்னிடம் சொன்னவள் நான். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. கேசட் வாங்கிக் கேட்டாய், புத்தகம் படித்தாய், கடைசியில் பம்பாய்க்கே போனாய்.

போன புதன்கிழமை மத்தியானம், மழை, கரண்டு இல்லை. இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இதற்குமேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாது என்று கேட்டுவிட்டேன்.

"என்னங்க, நெசத்தச் சொல்லுங்க. என்னையக் கட்டுனதுனாலதான் அத விட்டீங்களா?"

"எத விட்டேன்?"

"அந்த வாசிப்பத்தான்."

சுற்றாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாசிச்சிருந்தாத்தான விடுறதுக்கு" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். "அது லைட்டுப் பாக்க நின்ன படம் புள்ள. நான் அங்க மைக் செட்டு ஆளு."

ராசா, கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படி. உன் அப்பா சாக்ஸபோன் வாசித்ததே இல்லை. ஊர்க்காரர் ஒருவர் கல்கத்தாவில் மைக் செட்டும் வயரிங்கும் எடுத்துச் செய்துகொண்டிருந்தாராம். அவரோடு போனவர் அந்த ஓட்டலில் மைக், ஆம்ப்ளிஃபயர், விளக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருக்கிறார். ஓட்டல் வாசலில் மாட்டுவதற்காக ஒருநாள் வாத்தியக்காரர்களைப் படம் எடுக்க ஆள் வந்திருக்கிறது. சாக்ஸபோன் வாசிக்கிறவர் டெரிக் என்று ஒரு கோவாக்காரர். பகலில் பிள்ளைகளுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்துவிட்டு டிராமில் வருகிறவர், அன்றைக்கு வந்து சேரவில்லை. வெள்ளைக் கோட்டு வெளிச்சத்தில் கண்ணைக் கூசுகிறதா, நான்காவது இடத்தில் நிழல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக மைக் செட்டுக்காரரைக் கூப்பிட்டு, டெரிக்கின் கோட்டைப் போட்டு, டெரிக்கின் வாத்தியத்தைக் கையில் கொடுத்து, டெரிக்கின் இடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். பிறகு டெரிக் வந்தார், கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார், உண்மையான படம் எடுத்தார்கள். அது ஓட்டல் வாசலில் தொங்கியது. பார்த்துவிட்டுத் தூக்கிப்போட வேண்டிய படத்தைப் படக்காரர் இவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அந்த ஓட்டலும் இல்லை, வாசலில் தொங்கிய படம் எங்கே போயிற்றோ யாருக்கும் தெரியாது. உலகத்துக்கு மிஞ்சியது நம் வீட்டில் இருப்பதுதான். "கைய மாத்திப் புடிச்சிருக்கேன். எனக்கு என்ன தெரியும், குடுத்தாங்க, புடிச்சேன்" என்றார். யாரும் சொல்லித் தராத வழி என்று அந்தப் பெரியவர் சொன்னது சத்தியமான வார்த்தை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, நான் ஒன்று கேட்கப் போய் வேறொன்று வந்து நிற்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பூசணிக்காயைச் சட்டம் போட்டு ஹாலிலேயே மாட்டிவைத்திருந்தார். கவுண்டரில் உட்கார்ந்து, தீவுக்காரர் சலுகை டிக்கெட்டுக்குப் பொய்ச் சான்றிதழோடு வருகிறவனை முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பியவள் நான். என் வீட்டு முகத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உன் நிகழ்ச்சியை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், அதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் பயமாக இருந்தது. தீவுக்குப் போனார். உண்மை. அதற்குப் பிறகு வாத்தியத்தைத் தொடவே இல்லை. அதுவும் உண்மை. அந்த ஒரு படத்துக்குத் தவிர அதற்கு முன்னாலும் தொட்டதில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று உனக்கு வாசகம் எழுதிக் கொடுத்துப் பேச்சுப்போட்டிக்கு அனுப்பிய வீட்டில் இது நடந்திருக்கிறது.

"இத்தன வருசமா ஏங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லையே" என்றார். பிறகு, "கல்யாணமாகி வந்த அன்னைக்கு அந்தப் படத்தப் பாத்துட்டு என்னையத் திரும்பிப் பாத்த பாரு. அப்பிடி என்னைய யாரும் பாத்ததில்ல. அதக் கெடுக்க மனசு வரல" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நான் கேட்கவில்லை. கோட்டைப் பார்த்தேன், வாத்தியத்தைப் பார்த்தேன், நானே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் சாம்பாருக்குத் தாளிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு ஒரு சந்தேகம் வந்தது. படத்தில் இருந்த ஆளைத்தான் கட்டிக்கொண்டேனா, கூட வாழ்ந்த ஆளையா? புயல் அடித்த வருஷம் ஊரே இருட்டில் கிடந்தபோது, வீடு திரும்பாமல் கம்பம் கம்பமாக ஏறிக் கரண்டு கொண்டுவந்தாரே, அந்த ஆளுக்கு எந்தக் கோட்டும் தேவைப்படவில்லை. நான் அவரைக் கடலாக விழுங்கவும் இல்லை, அவர் எனக்காக எதையும் தொலைக்கவும் இல்லை. அது தெரிந்ததும் என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. கோபம் மட்டும் இன்னும் பாதி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நானே போய் அவரைக் கேட்டேன், அந்த டெரிக் எப்படி வாசிப்பார் என்று. ராசா, அதற்குப் பிறகு அவர் பேசிய மாதிரி நான் பார்த்ததே இல்லை. மேடையில் இருக்கிறவனுக்குத் தன் சத்தம் கூடத்தின் கடைசியில் எப்படி விழுகிறது என்று தெரியாதாம். அது மைக் செட்டு ஆளுக்குத்தான் தெரியுமாம். வாசித்து முடித்ததும் டெரிக் முதலாளியிடம் போகமாட்டார், கைதட்டினவர்களிடம் போகமாட்டார், நேராக இவரிடம் வந்து "பின்னால எப்படிக் கேட்டுச்சு?" என்பாராம். இவர் கொஞ்சம் கூடிப்போச்சு, கொஞ்சம் அழுத்தம் பத்தலை என்று சொன்னால், மறுநாள் அதை மாற்றி வாசித்திருப்பாராம். டெரிக் குடிக்கமாட்டார், ஏலக்காய் மெல்லுவார். சண்டை போட்டதில்லை, மழையில் நனைந்துகொண்டு எங்கேயும் நின்றதில்லை, கடைசி டிராமைப் பிடிக்க ஓடுவார். அவர் காணாமலும் போகவில்லை. இவர் கப்பலேறும்போதும் அங்கேதான் வாசித்துக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே உன் அப்பா ஏதோ ஒரு மெட்டை வாயால் முனகிக் காட்டினார், எங்கே மூச்சு வாங்குவார், எங்கே நிறுத்துவார் என்று கையால் காற்றில் பிடித்துக் காட்டினார். அவர் முனகியது எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எழுந்து போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன்னை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நீ இந்த வேலைக்குப் போனாய். பள்ளிக்கூடத்தில் என் அப்பா ஜாஸ் வாசித்தவர் என்று சொல்லித் திரிந்தாய். உன் ஆபீசிலும் அதைச் சொல்லித்தான் இந்தத் தொடர் உன் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கும்போது உனக்குக் காலுக்குக் கீழே தரை நழுவும். நழுவட்டும் ராசா, எனக்கும் நழுவியது, நான் நிற்கிறேன். உனக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒருவர் பேசாமல் இருந்தால் அதை உடனே புண் என்று எடுத்துக்கொள்ளாதே. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், யாரும் கேட்காமலும் இருந்திருக்கலாம். உலகத்தில் எங்கெங்கோ செத்தவர்களைப் பற்றி எத்தனை பேரிடம் கேட்டு எழுதினாய். கிழங்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காதே என்று சொல்லிவைத்தவள் நான் என்பதால் பாதிப் பழி எனக்கு.

கேமராக்காரர்களை வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். ஹேவ்லாக் வேண்டாம், சூரியன் இறங்குவது வேண்டாம், அந்த சாக்ஸபோனைக் கடையில் திருப்பிக் கொடு. நம் ஹாலில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து நடந்ததை அவர் வாயாலேயே சொல்வார். கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார். பொன்னாடையும் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். "எம் பேரு வேணாம். டெரிக் பேரச் சொல்லச் சொல்லு" என்றார். உன் சேனலுக்கு அப்படிப்பட்ட எபிசோடு வேண்டாம் என்றால் நீ மட்டும் வா. சோறு போடுகிறேன். ஆனால் அந்தப் படம் அந்தக் குரலோடு இனி ஒருமுறைகூட ஓடக் கூடாது. மறுஒளிபரப்பை நிறுத்து, யார் காலில் விழுந்தாவது நிறுத்து.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்றால், இப்போதெல்லாம் எனக்கு நினைப்பு உன் அப்பாமேலும் இல்லை, உன்மேலும் இல்லை. கல்கத்தாவிலோ கோவாவிலோ ஒரு வீட்டில் என் வயதில் ஒருத்தி இருப்பாள். உன் நிகழ்ச்சியின் விளம்பரத்தில் ஓட்டல் பெயர் வந்ததும் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்கள் தாத்தா வாசித்த இடம், தாத்தாவைக் காட்டுவார்கள் பாருங்கள் என்று பக்கத்தில் உட்காரவைத்திருப்பாள். டெரிக் கோட்டை ஓட்டல் சலவைக்குப் போடமாட்டாராம், வீட்டில் அவள்தான் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பாளாம். அதனால் படம் வந்ததும் அவள் முதலில் அந்தக் கோட்டைத்தான் அடையாளம் கண்டிருப்பாள். இதோ, இதோ என்று விரலை நீட்டியிருப்பாள். அந்தக் கோட்டுக்கு மேலே என் வீட்டுக்காரரின் முகம் இருந்திருக்கும்.